லீவர் ஷாக்கை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்

ஆசிரியருக்கு,

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிய கட்டுரையில், ஷாக் அப்சார்பர் தேய்ந்தால் டெலஸ்கோப்பிக் (குழாய் வடிவ) ஷாக் மாட்டலாம் என ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் (1962–1980) விஷயத்தில் அது அவ்வளவு எளிதல்ல. அதன் முன்பக்கத்தில் இருப்பது லீவர் ஷாக்: எண்ணெய் நிரம்பிய உடலிலிருந்து நீளும் ஒரு கை அசைந்து அதிர்வைத் தணிக்கும் பழைய வகை. அந்தக் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கை. கீழே ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டுக்கு ஜாக்கி கொடுக்காமல் ஷாக்கின் 4 போல்ட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே அடிக்கும். டெலஸ்கோப்பிக் கிட் போட்டாலும் பழைய ஷாக்கின் உடல் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். அதன் பேரிங் தேய்ந்திருந்தால் செலவு வீண்.

முதலில் ஷாக்கில் எண்ணெய் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்று போகும்வரை அதன் கையை மேலும் கீழும் முழுதாக ஆட்டுங்கள். கை சுழலும் ஷாஃப்டில் எண்ணெய் கசிந்தால் புதுப்பித்த லீவர் ஷாக்கை ஜோடியாக மாற்றுங்கள். சாலை ஓட்டத்துக்கு அதுவே தாராளம்.

— ஒரு வாசகர்