முயல் வாங்கு, ஆனால் உனக்கு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கயல் கண்ணுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். என் பேத்தி யாழினியின் பிறந்த நாளுக்குக் குள்ள முயல் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டு, கடைக்காரர் கொடுத்த படத்தையும் அனுப்பியிருந்தாய். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய். எழுதி அனுப்பினால் மாப்பிள்ளையும் படிப்பார் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக முயல் வாங்கு. ஆனால் அது உன்னுடைய முயலாக இருக்கட்டும், யாழினியுடையதாக வேண்டாம். வாங்குவதானால் இரண்டாக வாங்கு. இனி காரணம்.

உன் மனதில் இருக்கும் முயல் எது என்று எனக்குத் தெரியும். நான் நீலகிரியில் கால்நடை டாக்டராக வேலை பார்த்தபோது பண்ணைகளில் நீ பார்த்த வெள்ளை ஜெயன்ட்டும் சோவியத் சின்சில்லாவும்தான் அது. நாலு கிலோ வரை வளரும் கறி முயல்கள். காலையில் தீவனம் வைத்தால் தின்னும், தூக்கினால் கொஞ்சம் உதறும், அப்புறம் அடங்கிவிடும். முயல் என்றாலே சாது என்று நீ முடிவு கட்டியது அங்கேதான். படத்தில் இருப்பது அந்த ஜாதி இல்லை. சாம்பல் நிறம், உருண்டைத் தலை, விரல் நீளக் காது, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண் என்று எல்லாம் பார்த்தால் அது நெதர்லாந்து குள்ள முயல். முழுசாக வளர்ந்தாலும் ஒரு கிலோதான் இருக்கும். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் கண்காட்சியில் 1.13 கிலோவைத் தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கிழடானாலும் குட்டி முகம் மாறாது. சிக்கலே அந்த முகம்தான். பார்த்தவர்களுக்கு வாரி எடுத்துக் கொஞ்சத் தோன்றும். முயலுக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இருக்காது.

இந்த இனம் பிறந்ததே நீ இருக்கிற நெதர்லாந்தில்தான். போன நூற்றாண்டின் முதல் பாதியில், சிறிய வெள்ளை முயல்களைக் காட்டு முயலோடு சேர்த்துக் கலர் கலராகக் குட்டி எடுத்தார்கள். உடம்பு சின்னதாக வேண்டும், நிறம் வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது. குணத்தை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதனால் அந்தக் காலத்துக் குள்ள முயல்களுக்கு மிரளும், கடிக்கும், வீட்டுக்கு ஆகாது என்றுதான் பெயர். பிரிட்டனில் 1950லும் அமெரிக்காவில் 1969லும் அங்கீகாரம் கிடைத்து, வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாதுவானதைத் தேர்ந்து குட்டி எடுத்த பிறகுதான் இப்போதைய நிலைக்கு வந்திருக்கிறது. இன்றைக்கும் மற்ற இனங்களோடு ஒப்பிட்டால் துடிப்பும் மிரட்சியும் இதற்குக் கூடுதல்தான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையவில்லை.

2018இல் காட்டு முயல், வீட்டு முயல் இரண்டின் மூளையையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி வீட்டு முயலுக்குச் சிறுத்திருக்கிறது, அதை அடக்கி வைக்கும் முன்மூளைப் பகுதி பெருத்திருக்கிறது என்று கண்டார்கள். சிறுத்திருக்கிறதே தவிர, பயம் அற்றுப் போய்விடவில்லை. நரிக்கும் பருந்துக்கும் இரையான பிராணி அது. மேலிருந்து ஒரு கை வந்து தூக்கினால் அதற்குத் தெரிவது பருந்து ஒன்றுதான்.

போன கோடையில் அங்கே வந்திருந்தபோது உன் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒன்று இருந்ததே, பழுப்பு நிறத்தில், நினைவிருக்கிறதா? நீங்கள் ஆபீஸ் போன பிறகு பகலில் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் உதவி செய்வதாக நினைத்து அதன் தீவனக் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தேன். காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு, 'உர்' என்று ஒரு சத்தம் போட்டு, இரண்டு முன்னங்காலாலும் என் கையில் மாறி மாறிக் குத்தியது. ஒரு கிலோ உடம்பு! உன் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியை யாராவது நகர்த்தி வைத்தால் என்ன பாடு படுத்துவார்களோ, அதே பாடுதான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, அது கூண்டை விட்டு வெளியே போன பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும் என்றார். மறுநாள் நான் தரையில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அதன் பக்கமே திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக வந்து முழங்கையை மூக்கால் இடித்தது. என் செருப்பில் தாடையைத் தேய்த்தது. தாடைக்கு அடியில் அதற்கு வாசனைச் சுரப்பி இருக்கிறது, 'இது என் சொத்து' என்று முத்திரை போடுவதற்கு. நெற்றியில் ஒரு விரலால் மெதுவாகத் தடவினேன். தலையைத் தரையோடு வைத்துப் பல்லை மெல்ல அரைக்க ஆரம்பித்தது. சத்தம் காதுக்கு எட்டவில்லை, விரல் நுனியில் அதிர்வு மட்டும் தெரிந்தது. முயல் சந்தோஷமாக இருக்கும்போது செய்வது அது. பல்லை நறநறவென்று சத்தமாகக் கடித்தால் வலி என்று அர்த்தம். இரண்டையும் நீ பிரித்துத் தெரிந்து வைத்துக்கொள்.

அந்த முயலுக்குக் கோபக்காரன் என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை. தன் இடம், தன் கிண்ணம், தன் நேரம் என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதில் நாம் தலையிடாவிட்டால் அது தானாகவே வருகிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த வீம்பு பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து வயசுக் குழந்தை எந்தக் கணக்கைப் பார்க்கும்? ஓடிப்போய் வாரி எடுக்கும். முயல் பின்னங்காலால் உதைக்கும். பிள்ளை பயந்து கையை விட்டுவிடும். முயலின் எலும்பு மொத்த உடம்பு எடையில் எட்டு சதவீதம்தான், தொடைச் சதைக்கோ பலம் அதிகம். கீழே விழ வேண்டும் என்றுகூட இல்லை, பிடி சரியில்லாமல் வேகமாக உதைத்தாலே இடுப்புப் பக்கம் முதுகெலும்பு முறிந்து பின்னங்கால் இரண்டும் விழுந்துவிடும். அப்படித் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

மல்லாக்கப் போட்டால் அசையாமல் படுத்திருக்கும், பிள்ளைகள் அதைப் பார்த்து "தூங்குது" என்று குதிக்கும். தூக்கம் இல்லை அது. பிடிபட்ட பிராணி செத்ததுபோல் விறைத்துக் கிடப்பது. அதை யாழினிக்கு விளையாட்டாகக் காட்டிவிடாதே.

இன்னொன்று, முயலுக்குக் கண் பக்கவாட்டில். பின்னால் வருபவனையும் பார்க்கும், ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. நாய்க்குக் காட்டுவதுபோல் மூக்கருகே விரலை நீட்டினால் கேரட்டா விரலா என்று அது பல்லால்தான் சோதிக்கும். பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய் நெற்றியில் தொடு. பின்னங்காலால் தரையை 'தொம்' என்று அறைந்தால் ஏதோ ஆபத்து, அல்லது உன் மேல் மனத்தாங்கல். துள்ளிக் குதித்து அந்தரத்தில் உடம்பை முறுக்கினால் குஷி. திடீரென்று பொத்தென ஒருக்களித்து விழுந்து கிடந்தாலும் பதறாதே, இந்த இடம் பத்திரம் என்று அது முடிவு செய்துவிட்டது, அவ்வளவுதான்.

வாங்குகிறவர்கள் ஏமாறுவது நாலாவது, ஐந்தாவது மாதத்தில். கடையில் எட்டு வாரக் குட்டியாக மடியில் தூங்கியது திடீரென்று சிறுநீரைப் பீய்ச்சும், காலைச் சுற்றி ஓடும், கூண்டில் கை வைத்தால் பாயும். அப்படிப் பாய்வது முக்கியமாகப் பெண் முயல். முயல் கெட்டுப்போய்விட்டது என்று காப்பகத்தில் கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. அது கெட்டதல்ல, வயசுக்கு வந்தது. கருத்தடை ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். பெண் முயலுக்குக் குணத்துக்காக இல்லாவிட்டாலும் செய்தே ஆக வேண்டும், செய்யாமல் விட்டால் நாலைந்து வயசுக்கு மேல் கருப்பைப் புற்று வருவது மிகச் சாதாரணம்.

இரண்டாக வாங்கச் சொன்னதும் குணத்தை வைத்துத்தான். நம்ம ஊர்க் காட்டு முயல் வேறு ஜாதி, தனியாகத் திரிகிறது, வளை தோண்டாது. வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின் பக்கத்தது, வளையில் கூட்டமாக வாழ்ந்த இனம். நீங்கள் இருவரும் வேலைக்குப் போய், பிள்ளை ஸ்கூலுக்குப் போய்விட்டால் தனி முயல் ஒன்று நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கருத்தடை செய்த ஆணும் பெண்ணும் ஜோடியாக இருந்தால் ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டு கிடக்கும். ஆனால் எடுத்தவுடன் ஒரே கூண்டில் போட்டுவிடாதே, ரத்தம் வரச் சண்டை போடும். இரண்டுக்குமே சொந்தமில்லாத ஓர் இடத்தில், குளியலறையாகக்கூட இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். காப்பகங்களில் ஏற்கெனவே சேர்ந்துபோன ஜோடியே கிடைக்கும். நான் உன் இடத்தில் இருந்தால் கடைக்குப் போகாமல் அங்கேதான் போவேன். வளர்ந்த முயலின் குணம் கண்ணெதிரே தெரியும், குட்டியின் குணம் சீட்டுக் குலுக்கல்.

எந்த இனம் என்று கேட்டால், உன் வீட்டுக்குத் தொங்கு காதுக் குள்ள முயல் தோது. அமெரிக்கர்கள் ஹாலந்து லாப் என்கிறார்கள், லாப் என்றால் தொங்கு காது. இதன் கதையும் உனக்குப் பக்கத்தில்தான் நடந்தது. உன் ஊர் ஐந்தோவனிலிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில் இருக்கும் டில்பர்க்கில் அட்ரியான் டி காக் என்பவர் 1949இல் ஆரம்பித்தார். பெரிய பிரெஞ்சு லாப்பையும் நெதர்லாந்துக் குள்ளனையும் கலந்து, காது தொங்குவதற்கு ஆங்கில லாப்பையும் சேர்த்து, 1964இல்தான் அங்கீகாரம் வாங்கினார். 1.8 கிலோவுக்குள் இருக்கும், நிதானமான சுபாவம், தொட்டவுடன் துள்ளாது. குறை இல்லாமல் இல்லை, காதுக் குழாய் குறுகலாக இருப்பதால் அழுக்கு சேர்ந்து சீழ் பிடிக்கும். ஜெர்சி ஊலியும் அமைதிக்குப் பெயர் போனது, ஆனால் அந்த ரோமத்தைச் சீவிக்கொண்டிருக்க உனக்கு நேரம் ஏது? இவையெல்லாம் இனத்துக்கான பொதுக் குணம். ஒரே ஈற்றில் ஒன்று மடியில் ஏறும், இன்னொன்று கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும்.

குட்டிதான் வேண்டும் என்று நீ அடம்பிடித்தால், வளர்ப்பவரிடம் ஒன்று கேள்: பிறந்த முதல் வாரத்தில் குட்டிகளைக் கையில் எடுத்தீர்களா? தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு முறைதான், மூன்று நாலு நிமிஷம் பால் கொடுக்கும். அந்தப் பால் வேளையை ஒட்டி மனிதக் கை பட்ட குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டு பயப்படுவது குறைவு என்று ஹங்கேரியில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். கடைக்காரருக்கு இதற்குப் பதில் தெரியாது. வீட்டில் வைத்து வளர்ப்பவருக்குத் தெரியும்.

டாக்டர் புத்தியில் ஒரு விஷயம். குள்ளத்துக்குக் காரணம் எச்எம்ஜிஏ2 என்ற ஒரு மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போனது, 2017இல் கண்டுபிடித்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து வந்தால் உடம்பு மூன்றில் ஒரு பங்கு சிறுக்கும், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி சில நாளில் செத்துவிடும். முகம் குறுகுவதும் அதனால்தான், முகம் குறுகினால் பல் ஒன்றோடொன்று பொருந்தாது. முயல் பல்லோ வாழ்நாள் பூரா வளர்ந்துகொண்டே இருக்கும். தேயாவிட்டால் நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். நல்ல முயல் திடீரென்று சிடுசிடுத்தால், தொட விடாவிட்டால், குணம் மாறிவிட்டது என்று நினைக்காதே, வாயைப் பார்க்கச் சொல். நாளெல்லாம் காய்ந்த புல் கிடைத்தால் பல் தானாகத் தேயும். அரை நாள் ஒன்றும் தின்னவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே, உடனே டாக்டர். மிக்சோமா, ஆர்எச்டி என்ற இரண்டு வைரஸ் நோய்களுக்கும் தடுப்பூசி வருஷாவருஷம் போட வேண்டும், அவற்றைப் பரப்ப அங்கே காட்டு முயலும் கொசுவும் உண்டு.

யாழினிக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. தரையில் உட்கார்ந்து கொத்தமல்லித் தழையை நீட்டிக்கொண்டு காத்திருக்கட்டும். புல் வைப்பது அவள் வேலை. தூக்குவது மட்டும் உன் வேலை, அதுவும் தேவைக்கு மட்டும், ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்புறத்துக்கு அடியில். விடியலிலும் சாயங்காலத்திலும்தான் அது உற்சாகமாக இருக்கும், நடுப்பகலில் எழுப்பச் சொல்லி அழுதால் மசியாதே. எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும் பிராணி. யாழினி காலேஜ் வாசலுக்குப் போகும்வரை அது உன்னிடம்தான் இருக்கப் போகிறது. மாப்பிள்ளையிடம் லேப்டாப் சார்ஜரைத் தரையில் போட வேண்டாம் என்று சொல்லி வை, அவர் கேட்கமாட்டார், முயல் கேட்க வைத்துவிடும்.

எதை முடிவு செய்தாலும் பணம் கட்டும் முன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பு. கூண்டுக்குள் எடுத்தது வேண்டாம். தரையில் விட்டு, நீ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு, பத்து நிமிஷம் ஓடட்டும். முன்பல்லுக்குக் கிட்டத்தில் ஒரு போட்டோவும் வேண்டும். அம்மா பாவாடைக்கு யாழினியின் இடுப்பு அளவு கேட்கிறாள், அதையும் சேர்த்தே அனுப்பிவிடு. அப்புச்சி கேட்டதாக யாழினியிடம் சொல்.

அன்புடன்,
அப்பா