'எனக்க அம்மை' என்று எழுதும் பிள்ளைக்காக: குமரி மாவட்டத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழாசிரியர்களுக்கு, வணக்கம்.

தக்கலைப் பக்கம் மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான். பிள்ளைகளின் பேச்சு வழக்கு கட்டுரை நோட்டில் தலைகாட்டும்போது அதைப் பிழை என்று அடித்துவிட்டுப் போகாமல், அதற்குள் இருக்கும் இலக்கணத்தை முதலில் அவர்களுக்கே எடுத்துக்காட்டி, பிறகு எழுத்து வழக்கைச் சொல்லிக்கொடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு மாணவியின் நோட்டில் 'எனக்க அம்மை' என்பதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 'இது தமிழா?' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அடுத்த கட்டுரையில் அவள் 'எனக்கு அம்மா' என்று எழுதியிருந்தாள். அதற்கும் சிவப்புச் சுழி. நம் வட்டாரப் பேச்சில் 'எனக்கு' நான்காம் வேற்றுமை, 'எனக்க' ஆறாம் வேற்றுமை. 'எனக்கு பேனா வேணும்' என்பதையும் 'எனக்க பேனாவைக் காணல்ல' என்பதையும் பிரிப்பது கடைசி உயிரெழுத்து ஒன்றுதான். 'உனக்க', 'அவனுக்க', 'அவளுக்க' என்று மற்ற இடங்களிலும் இதே ஒழுங்குதான். இங்கே பிறந்து வளர்ந்த காது அதைத் தடுமாறாமல் வாங்கிக்கொள்கிறது. வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வருபவர்கள்கூட முதலில் தயங்கினாலும் விரைவில் பழகிவிடுகிறார்கள். அந்தச் சிவப்புச் சுழியிலிருந்து மாணவிக்குப் புரிந்ததெல்லாம் தன் சொல்லில் ஏதோ தவறு என்பது மட்டுமே, அதனால் ஈற்றை மாற்றிப் பார்த்தாள். 'நீ எனக்க என்று சொல்லும் இடத்தில், எழுதும்போது என் என்றோ என்னுடைய என்றோ வரும்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

மரியாதைச் சொற்களில் இது இன்னும் நுட்பமானது. நாஞ்சில் நாட்டுப் பக்கம் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது 'வந்தாவ', 'சொன்னாவ' என்பார்கள். தாயைப் பற்றி அப்படியே பேசி வளர்ந்த பிள்ளையிடம் 'அம்மா வந்தாள்' என்று எழுதச் சொன்னால், அதன் கை தயங்கும். அது இலக்கணம் தெரியாத தயக்கமன்று; அந்தப் பிள்ளையின் வீட்டில் 'ஆள்' ஈறு தாய்க்கு உரியதன்று. 'அம்மா வந்தார்' என்று எழுத விடுவதில் நமக்கு என்ன இழப்பு?

ஒருவரைப் பன்மையால் குறிக்கும் பழக்கத்தைத் தொல்காப்பியம் 'வழக்கினாகிய உயர்சொற் கிளவி' என்கிறது. இலக்கண நெறியில் பிறந்த சொல்லன்று என்று தெளிவாகச் சொல்லிவிட்டும், அதைத் தள்ளவில்லை. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மாறி வருவதை நன்னூல் இயல்பென்றே ஏற்கிறது. வழுவுக்கு அடுத்த படியில், பிழைபோலத் தோன்றினாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளும் வழுவமைதியை வைத்த மரபு நம்முடையது. ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்த ராஜர் பிரௌனும் ஆல்பர்ட் கில்மனும், அவற்றின் தேர்வை அதிகாரமும் நெருக்கமும் தீர்மானிக்கின்றன என்று 1960இல் எழுதினார்கள். நம் ஊரில் 'நீ', 'நீரு', 'நீங்க' மூன்றையும் ஆள் பார்த்து மாற்றிப் பேசும் பிள்ளை அந்தக் கணக்கைப் பள்ளிக்கு வருமுன்பே கற்றுக்கொண்டுவிடுகிறது. கேட்பவரைச் சேர்த்து 'நம்ம வீடு', சேர்க்காமல் 'எங்க வீடு' என்பதும் அப்படித்தான்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லை மாறியது. வீட்டுப் பேச்சு அன்றே மாறிவிடவில்லை. களியக்காவிளைப் பக்கம் மலையாளம் பேசும் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மலையாளத்தில் அவன், அவள், அவர் யாரானாலும் வினைமுற்று 'வன்னு'தான். ஆளைக் காட்டும் வேலையைப் பெயரே செய்கிறது. தமிழிலோ 'வந்தேன்' என்ற ஒரு சொல்லே பேசுபவரைக் காட்டிவிடும். அந்தப் பிள்ளை வினை ஈற்றில் தடுமாறினால் அதைக் கவனக்குறைவு என்று குறிக்க வேண்டாம். இரு மொழிகளின் வினைகளையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டுங்கள்.

தேர்வில் எழுத்து வழக்கையே எதிர்பார்ப்பது சரி, அதைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. வரும் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, மாணவர்கள் தங்கள் வீட்டில் வழங்கும் மூவிடப் பெயர்களையும் வினைமுற்றுகளையும் தாங்களே எழுதிவரச் செய்து, எழுத்துத் தமிழோடு பொருத்திப் பாருங்கள். கட்டுரை நோட்டில் 'பிழை' என்பதற்குப் பதிலாகப் 'பேச்சு வழக்கு' என்று குறித்து, பக்கத்தில் எழுத்து வடிவத்தையும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு மாலை வகுப்பு ஆசிரியை