வட்டுகளை வெந்நீரில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நிலத்தில் எங்களுடன் டிஸ்க் கோல்ஃப் (பிளாஸ்டிக் வட்டைக் கூடையை நோக்கி எறிந்து ஆடும் விளையாட்டு) ஆடும் இளைஞர்கள், மழைக்குப் பின் வட்டுகளில் அப்பிய சேற்றைப் போக்கக் கொதிக்கும் நீரை ஊற்றுவதைக் கண்டு வருந்தி எழுதுகிறேன். சூட்டில் வளைந்த பிளாஸ்டிக் வட்டு முன்போல் பறப்பதில்லை.

வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திர சோப்பைக் கரைத்து, வட்டைக் கால் மணி நேரம் ஊறவைத்து, பல் தேய்க்கும் பழைய பிரஷால் விளிம்பின் உட்புறத்தைத் தேய்த்தாலே போதும். விரல் பற்றும் அந்த இடுக்கில்தான் காய்ந்த கரிசல் சிமென்ட் போல் இறுகியிருக்கும். அதை ஆணியால் சுரண்டி, அருமையான வட்டு ஒன்றை நானே கீறிக் கெடுத்திருக்கிறேன். புல் கறைக்குச் சமையல் சோடா உதவும். நகப்பூச்சை நீக்கப் பயன்படும் அசிட்டோன் தடவினால் மேலே அச்சிட்ட முத்திரையும் அழிந்துவிடும். கழுவியதை நிழலில் உலர்த்துங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.