சிலுவைக்கு முந்தின ராத்திரியை விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய வெள்ளி அன்னிக்கு நம்ம பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இயேசு கொஞ்சமும் கலங்காம சிலுவைக்குப் போனார்ங்கிற மாதிரி எழுதியிருந்தது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு.

பைபிள்ல அப்படி இல்லீங்க. யூதர்களோட பஸ்கா பண்டிகை சாப்பாடு முடிஞ்சு, இயேசு எருசலேம் பக்கத்துல இருக்கிற கீதரோன் ஆத்தைத் தாண்டி கெத்செமனே தோட்டத்துக்கு வர்றாரு. எண்ணெய்ச் செக்குன்னு அர்த்தமாம் அந்தப் பேருக்கு. அங்க முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரத்தை என்கிட்டேருந்து எடுத்துடுங்க, ஆனாலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும்னு பிதாகிட்ட கெஞ்சுறாரு, அதுவும் ஒரு தடவை இல்ல மூணு தடவை, கூட முழிச்சிருங்கன்னு சொல்லிட்டுப் போன மூணு சீஷர்களும் அந்தப் பக்கம் நல்லா தூங்கிட்டாங்க.

சாக்ரடீஸே விஷத்தைப் பதறாம குடிச்சாரு, உங்க சாமி ஏன் பதறணும்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு. நியாயமான கேள்விதான். பழைய ஏற்பாட்டுல ஏசாயா 51, எரேமியா 25 ரெண்டு அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்க, பாத்திரம்னா அங்க பாவத்து மேல வர்ற கடவுளோட கோபம். ஆணி அடிக்கிற வலியை நினைச்சு மட்டும் அவர் பயப்படல, உலகத்தோட பாவத்துக்கு உண்டான அந்தக் கோபத்தைத் தான் ஒருத்தரே குடிக்கணுமேன்னுதான், அப்படித்தான் சபையில பலரும் சொல்லிட்டு வர்றாங்க.

இயேசு நிஜமாவே மனுஷ மனசோட கலங்கினார்ங்கிறதுக்காக உயிரையே விட்டவரும் இருக்காரு. 7ஆம் நூற்றாண்டுல கிறிஸ்துவுக்கு மனுஷ சித்தம், அதாவது மனுஷ விருப்பம்னு தனியா கிடையாதுன்னு ஒரு கூட்டம் சொல்ல, ராஜாவும் அந்தப் பக்கம் சாய, மாக்சிமுஸ்ங்கிற துறவி "என் சித்தத்தின்படியல்ல"ங்கிற இதே ஜெபத்தைக் காட்டி எதிர்த்து நின்னாரு. அவரோட நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்துனாங்க, 662ல செத்துப் போனாரு. 680-681ல கான்ஸ்டாண்டிநோபிள்ல கூடின சபைத் தலைவர்களோட சங்கம் அவர் சொன்னதுதான் சரின்னுச்சு, லேட்டுதான். வேண்டாம்னு சொல்ல ஒரு மனசு இருந்து, அதுக்கப்புறமும் சரின்னு சொன்னாத்தானே அது பலி, இல்லேன்னா பொம்மையைத் தூக்கி ஆணி அடிச்ச மாதிரில்ல ஆயிடும்.

இன்னொண்ணு, கேட்டது கேட்டபடி கிடைக்கும்னு போஸ்டர் ஒட்டி கூட்டம் போடுறவங்க இந்த ஜெபத்தை மட்டும் தொடுறதே இல்ல. பைபிள்ல எபிரெயர் 5:7ல அவரோட வேண்டுதல் கேட்கப்பட்டதுன்னு, அதாவது கடவுள் காது குடுத்தார்னு இருக்கு, ஆனா பாத்திரம் எடுபடலையே! செத்து, கல்லறைக்குப் போய், மூணாம் நாள் எழுந்தப்புறம்தான் அந்த "கேட்கப்பட்டது"க்கே அர்த்தம் புரியுது. அதுக்கு முன்னாடி, அதே தோட்டத்துல பேதுரு கத்தியை உருவினப்போ, பிதா குடுத்த பாத்திரத்துல நான் குடிக்காம இருப்பேனான்னு அவரே கேக்குறாரு பாருங்க, கொஞ்ச நேரம் முன்னாடி வேண்டாம்னு அழுத அதே ஆளு.

அடுத்த வருஷம் பெரிய வியாழன் அன்னிக்கே இதைப் பத்தி ஒரு கட்டுரை போடுங்க சார், அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வாசகன்