காயம் பட்டால் சலுகை போய்விடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் கபடி ஆடுபவள். 'விளையாட்டு ஒதுக்கீடு, கட்டணம் கிடையாது' என்று வாய்வார்த்தையாகச் சொல்லித்தான் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டில் ரெய்டு போனபோது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லிவிட்டார்கள். கேட்டால், "அணியில் இல்லையே அம்மா" என்கிறார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை, எதைக் காட்டி வாதாடுவது? ஆடாவிட்டாலும் அவள் தன் முழங்கால் உறையைத் துவைத்துக் கொடியில் காயப்போடுகிறாள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதியைப் படித்தேன். அதன் முதல் பிரிவில், அதாவது போட்டியின் மேல்மட்டத்தில், உள்ள கல்லூரிகள் உதவித்தொகை எவ்வளவு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலம் முடியும்வரை காயத்தைக் காரணம் காட்டிக் குறைக்கக் கூடாது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. சரி, அதுவாவது சேரும்போதே தெரிந்துவிடுகிறதே!

மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் தேர்வானவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு உண்டு. மற்றப் பிள்ளைகள்? விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கும் ஒவ்வொரு கல்லூரியும் சலுகையை, காயம்பட்டால் என்ன என்பதையும் சேர்த்து, கையெழுத்திட்டுத் தர அரசு உத்தரவிட வேண்டும்.

ஒரு கபடி வீராங்கனையின் தாய்,
மஞ்சக்குப்பம், கடலூர்.