எம்5 எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்பில் பழைய ஐரோப்பிய கார்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பி.எம்.டபிள்யூ எம்5 காருக்கு ஒரே பத்தி, அதிலும் எல்லா வருட மாடலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள்! மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

1980களில் வந்த முதல் எம்5-இல் 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின், 286 குதிரைத்திறன். அடுத்து வந்த இ34 மாடலிலேயே (ஒவ்வொரு தலைமுறைக்கும் கம்பெனி வைக்கும் குறியீடு இது) இரண்டு வகை உண்டு: முதலில் 3.6 லிட்டரில் 315, பிறகு 3.8 லிட்டரில் 340. வாங்க நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் எப்படி?

அப்புறம் 1998-இல் வந்த இ39. எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், 400 குதிரைத்திறன், ஆறு கியர், ஆட்டோமேட்டிக் கிடையவே கிடையாது. என் மனதில் முதலிடம் இதற்குத்தான். இன்ஜின் சூடாகும்வரை இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரின் ஓரத்தில் சின்னச் சின்ன மஞ்சள் விளக்குகள் எரியும், ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணைந்து, இனி தைரியமாக மிதிக்கலாம் என்று வண்டியே சொல்வதுபோல இருக்கும். 2001 மாடலில் முகப்பு விளக்குக்குள் வளையங்கள் வந்தன, பின்விளக்கும் மாறியது. பார்க்க அதுதான் அழகு, சரி, ஆனால் அதே 400 குதிரைத்திறன்தான். அதனால் வருடத்தைவிட, முந்தைய உரிமையாளர் ஒழுங்காகப் பராமரித்தாரா என்று சர்வீஸ் ரசீதுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் இதை விரிவாகவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்