அத்திரம்பாக்கத்து ஆதி மனிதனுக்கு மீசை வைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பழங்கற்காலக் கல்லாயுதங்கள் கிடைத்த அத்திரம்பாக்கம் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்து ஊர் ஆயிற்றே என்று ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியிலேயே, "15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் கொசஸ்தலை ஆற்றங்கரையில் ஆயுதத் தொழிற்சாலை நடத்தினான்" என்று ஒரு வரி. மேலே ஒரு படம்: முறுக்கு மீசையோடு ஒருவர், கையில் கோடரி, அவருக்குப் பின்னால் மங்கலாக ஒரு டைனோசர். கம்ப்யூட்டர் வரைந்த படம் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நல்லவேளை, வேட்டி கட்டிவிடவில்லை.

தாங்கள் அறியாததல்ல. நம்முடைய ஹோமோ சேப்பியன்ஸ் இனத்துக்கே வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 2017இல் சொன்னார்கள். அப்படியானால் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே கல் உடைத்தவர்கள் நம் இனமே அல்ல. நமக்கு முந்தைய மனித இனமான ஹோமோ எரெக்டஸாக இருக்கலாம் என்கிறார்கள், அதையும் அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தக் கற்களோடு மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விலங்குகளின் பற்களும் களிமண்ணில் பதிந்த அவற்றின் காலடித் தடங்களும்தான் கிடைத்தன. எலும்பே கிடைக்காத ஆளுக்கு மீசை எங்கிருந்து வந்தது? டைனோசர் கதையை விடுங்கள், அவை போய்ச் சேர்ந்து ஆறரைக் கோடி ஆண்டு ஆகிறது.

எனக்குக் கோபம் பொய் சொன்னதற்காக மட்டுமல்ல. அதைவிடப் பெரிய உண்மை கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டீர்களே என்பதுதான். 1863இல் நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் முதல் கல்லாயுதத்தை எடுத்தார், அதே ஆண்டு அத்திரம்பாக்கத்துக்கும் வந்தார் என்பதோடு உங்கள் கட்டுரையில் வரலாறு முடிந்துவிடுகிறது. 1999 முதல் அங்கே குழி வெட்டி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஆய்வு செய்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் பெயர்களையே காணோம். 15 லட்சம் என்ற எண் எப்படி வந்தது என்பதற்கு "நவீன முறையில் ஆய்வு செய்ததில்" என்று நான்கு வார்த்தை. ஐயா, அந்த நான்கு வார்த்தைக்குள்தான் விஷயமே இருக்கிறது. விண்வெளியிலிருந்து ஓயாமல் வந்து விழும் காஸ்மிக் கதிர்கள், வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்துக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களையும் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும். கல் ஆழமாகப் புதைந்ததும் கதிர் படுவது நின்றுபோய், உண்டானவை சிதைய ஆரம்பிக்கும். அலுமினியம் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும், பெரிலியத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கு காலம் வேண்டும். இரண்டும் இப்போது என்ன விகிதத்தில் மிச்சம் இருக்கின்றன என்று அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று கணக்குப் போடலாம். அது போதாதென்று களிமண் அடுக்குகளின் காந்தத் திசையையும் பார்த்தார்கள். பூமியின் வடக்கு தெற்கு தலைகீழாக இருந்த காலத்தில் படிந்த மண் அது, கடைசியாக அந்தத் திசை மாறியது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆகவே மண் அதற்கும் முந்தியது. இரண்டு வழியிலும் பார்த்துவிட்டுத்தான் 2011இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவிலிருந்து வரும் கதிர் எங்கள் ஊர்க் கல்லில் கணக்கு எழுதி வைத்திருக்கிறது, உங்கள் நிருபருக்கு மீசைதான் முக்கியமாகப் பட்டிருக்கிறது!

இதே குழு 2018இல் நேச்சர் இதழில் எழுதியது பற்றி ஒரு வரி கிடையாது. பெரிய கைக்கோடரிகளை விட்டுவிட்டு, கல்லை முன்கூட்டியே திட்டமிட்டுத் தயார்செய்து சின்னச் சின்னச் செதில்களாகத் தட்டி எடுக்கும் நுட்பம் இங்கே சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது என்றார்கள். இந்த நுட்பம் மிகப் பிற்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் இனத்தார் கொண்டுவந்தது என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது. உலகமே திரும்பிப் பார்த்த செய்தி, பக்கத்து ஊர்ச் செய்தி, தங்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

பெருமைப்படக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் தொன்மை பற்றி அறிவிப்பு வந்தபோது எனக்கும் மகிழ்ச்சிதான். அப்போதும் எந்தப் பொருளை எந்த ஆய்வகத்தில் எப்படிப் பார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டு, மேடையில் யார் என்ன பேசினார் என்பதைத்தான் பத்தி பத்தியாகப் போட்டீர்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் "வேற்றுக் கிரகத்தில் உயிர் இருப்பது உறுதி" என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து. 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கே2-18பி கிரகத்தின் காற்றில், இங்கே கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஒரு வாயுவின் சாயல் தெரிகிறது, இன்னும் உறுதியாகச் சொல்ல அதிக அவதானிப்பு வேண்டும் என்று கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதனன் குழுவே சொல்லியிருந்தது. அதே வாயு உயிரே இல்லாத வால்நட்சத்திரம் ஒன்றிலும் தென்பட்டிருக்கிறது. மற்ற விஞ்ஞானிகள் அதே தரவை எடுத்துப் பார்த்துச் சந்தேகம் கிளப்பியபோது உங்கள் பத்திரிகையில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கிடைக்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். "மன அழுத்தமா? ஒரு காளான் போதும்!" என்று போட்டீர்களே, அதை என்னால் மறக்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு பையன், மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், உங்கள் பக்கத்தை போனில் படம் பிடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொடைக்கானலுக்குப் போய்விட்டான். எவனோ செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்ததைத் தின்றுவிட்டு, லாட்ஜ் மாடியில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்று ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கிறான். அவன் அப்பா போய்க் கூட்டி வந்தார். அந்த மனிதர் இப்போதும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தெருவில் உங்கள் பத்திரிகையை எல்லோருக்கும் சிபாரிசு செய்தவன் நான்தானே.

நீங்கள் சொன்ன அந்த ஆய்வு 2022இல் வந்தது. 233 நோயாளிகள். காட்டுக் காளான் அல்ல, போதைக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற பொருளை ஆய்வகத்தில் தயாரித்தது, அதிகபட்சம் 25 மில்லிகிராம், ஒரே ஒரு முறை. மணிக்கணக்கில் பக்கத்திலேயே பயிற்சி பெற்றவர் உட்கார்ந்திருப்பார். மூன்று வாரம் கழித்து அந்த 25 மில்லிகிராம் வாங்கியவர்களில் 37 சதவீதம் பேருக்குத்தான் நல்ல முன்னேற்றம். சிலருக்குத் தற்கொலை எண்ணம் வந்ததையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2023 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவில் அனுமதி உண்டு, அதுவும் அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். நம் நாட்டில் சைலோசைபினைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். இவ்வளவையும் விட்டுவிட்டு எழுதிய நீங்கள், அடுத்த வாரமே மாவட்டப் பக்கத்தில் "போதைக் காளான் விற்ற வாலிபர் கைது" என்றும் போட்டீர்கள். அப்போதே இதை விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரியாக வெட்டி, "காளான் கட்டுரை அருமை" என்ற பாராட்டுக் கடிதத்துக்குக் கீழே வெளியிட்டீர்கள். நன்றி.

இப்போது இந்த மீசைக்காரரின் படத்தை என் பேத்தியின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் புராஜெக்ட் நோட்டில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். டைனோசருக்குத் தனியாகப் பச்சை வண்ணம் வேறு. அச்சில் வந்ததாயிற்றே, அவர்கள் டீச்சரும் டிக் போட்டுவிட்டார்.

நான் வேலையில் இருந்த காலத்தில் மாணவர்களைப் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் தொல்லியல் துறை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவேன். மஞ்சள் கலந்த பழுப்புக் கல், ஒரு முனை கூர், மறுமுனை உள்ளங்கைக்கு அடங்கும் உருண்டை, இரண்டு பக்கமும் செதில் எடுத்த வடுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். கண்ணாடிக்குள் அதைப் பார்த்ததும், வகுப்பில் வாயே திறக்காத பையன்கூட "சார், இதை எந்தப் பக்கம் பிடிப்பாங்க?" என்று கேட்பான்.

ஆகவே, என் கோரிக்கை: இணையப் பதிப்பிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டு, பூண்டிக்கு உங்கள் போட்டோகிராபரை அனுப்பி ஒரு நிஜக் கைக்கோடரியைப் படம் எடுத்துப் போடுங்கள். திருவள்ளூரிலிருந்து பஸ் இருக்கிறது; வழி தெரியாதென்றால் நானே பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன். இந்தக் கடிதத்தை இந்த முறையும் வெட்டத்தான் வேண்டும் என்றால், காளான் பகுதியை மட்டும் விட்டுவிட்டு வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
திருவள்ளூர்